கூச்சம் எப்போதிருந்து?

மாடத்திக்குக் கடைவாய்ப் பல் மூன்று வாரமாகக் குத்தியெடுத்தது உண்மைதான். ஆனால் அவள் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறியது அந்தப் பல்லுக்காக இல்லை, முன்பல் இரண்டுக்காக. பிறந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அவற்றில் பழுப்பாகக் கோடு போட்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து சிரித்ததே கிடையாது. சிரிப்பு வந்தால் கையும் கூடவே வந்து பொத்திவிடும்.

அந்தக் கைதான் வினையாகிவிட்டது. புருஷன் கண்ணுச்சாமிக்கு அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்தில் வேலை. கல்யாணம் முடிந்து இருபத்திரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போனவர், எட்டு மாதம் கழித்து எழுதியிருந்தார்: 'நீ என்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்கவில்லை. கட்டாயத்துக்குக் கழுத்தை நீட்டினாயோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. பிடிக்கவில்லை என்றால் மறைக்காமல் எழுது. இந்த வருஷம் லீவு போடாமல் இங்கேயே இருந்துவிடுகிறேன்.'

படித்ததிலிருந்து மாடத்திக்குச் சோறு இறங்கவில்லை. பிடிக்காமலா? அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையை இன்னும் துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறாள். சிரிக்காத காரணத்தை எழுத வேண்டியதுதானே என்றால், கறைப் பல் என்று எழுதக் கை வருமா? கறையைப் போக்கிவிட்டு, 'வாங்க' என்று மட்டும் எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அவர் லீவுக்கு எழுதிக்கொடுக்க இன்னும் பத்தே நாள்தான் இருந்தது.

மாமியார் குருவம்மாள் கூட வந்தாள். ஒரு இடத்துக்குப் போனால் ஒரே வேலையோடு திரும்புவது அவள் ஜாதகத்திலேயே இல்லை.

“ஏட்டி, ஒனக்குப் பாத்து முடிச்சதும் என் பல்லையும் செத்த ஆட்டிப் பாக்கச் சொல்லு. அப்படியே காது கொடையுதுல்ல, அதையும் கேளு. வந்தது வந்தாச்சு.”

“அவரு பல் டாக்டரு அத்தை.”

“காது என்ன காசியிலயா இருக்கு? பக்கத்துலதான இருக்கு!”

சொல்லிவிட்டு வெளிப் பெஞ்சில் சாய்ந்தவள் தூங்கியும் போனாள்.

உள்ளே டாக்டர் வைகுண்டராஜ் கடைவாய்ப் பல்லைப் பார்த்து, பிடுங்கத்தான் வேண்டும் என்றார். முன்பல்லைப் பற்றிக் கேட்க மாடத்தி வாயெடுப்பதற்குள் ஊசியே இறங்கிவிட்டது. “மரத்துப் போகட்டும்மா” என்று அவர் அடுத்த அறைக்குப் போனார்.

நாற்காலி மல்லாந்து கிடந்தது. ஜன்னல் நிறைய மலை. மேகம் ஒன்று அவசரமே இல்லாமல் அதன் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. உதடு முதலில் தடித்தது, பிறகு உதடே இல்லாமல் போயிற்று. நாக்கில் பாதி வேறு யாருடையதோ. எங்கோ மில் சங்கு ஊதியது. அது தண்ணீருக்கடியில் கேட்பது போல இருந்தது. அஸ்ஸாமில் இப்போது மழை பெய்யும். அந்த மேகத்துக்குள்ளிருந்து பெட்டியும் கையுமாக அவர் நடந்து வந்தார். வந்துகொண்டே இருந்தார். அவள் வாய் இருக்குமிடம் தெரியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதுல கூச்சம் இருக்கா?”

டாக்டர் எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. கம்பியால் முன்பல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“இருக்கு” என்றாள், கண் செருக.

“எப்போதிருந்து?”

“கல்யாணம் ஆனதுலருந்து.”

“எப்பல்லாம் ஜாஸ்தியா வருது?”

“அவிய பக்கத்துல வந்தா.”

கம்பி நின்றது. “யாரு பக்கத்துல வந்தா?”

“எங்க வீட்டுக்காரவுக. பல்லு கறையா இருக்குல்ல, அவிய முன்னால சிரிக்கவே கூச்சமா இருக்கு. பிடிக்கலையோன்னு நெனைச்சுட்டாக.” எட்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லாதது, மரத்த வாய் வழியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “நான் கேட்டது பல்லுக் கூச்சம்மா. ஐஸ் தண்ணி குடிச்சா வருமே, அது.”

மாடத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கணம் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. பொத்தலாம் என்றால் கருவித் தட்டு கைக்குக் குறுக்கே நின்றது. பொத்தாமலேயே, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டாக்டர் சிரித்தார், நர்ஸும் சிரித்தாள். ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை.

“இந்தக் கறைய எடுக்க முடியுமா சார்?”

“முடியும். நாலஞ்சு தடவ வரணும், மூணு மாசம் ஆகும்.”

மூன்று மாதம் யாருக்கு இருக்கிறது? பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் நேரே தபாலாபீசுக்குள் நுழைந்தாள். “இம்புட்டு தூரம் போயி என் காத கேக்காம வந்துட்டியே” என்று குருவம்மாள் புலம்பப் புலம்ப, நின்றபடியே இன்லாண்டு கடிதத்தில் எழுதினாள்: 'முன்பல்லில் கறை இருக்கிறது. அதைத்தான் கையால் மறைத்தேன், மனசை இல்லை. நீங்கள் என்றால் எனக்கு உயிர். வாங்க.'

அடுத்த மாதம், ஊருக்குப் பாதை பிரியும் வன்னியம்பட்டி விலக்கில் பஸ் நின்றது. கண்ணுச்சாமி பெட்டியோடு இறங்கினார். காத்து நின்ற மாடத்தியின் கை பழக்கத்தில் மேலே கிளம்பியது. அதை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, கறை இருந்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள்.

அவர் அந்த இரண்டு பல்லையும் உற்றுப் பார்த்தார்.

“இதுக்கா? இந்தக் கோட்டுக்கா நான் ஒம்போது மாசம் தூங்காமக் கெடந்தேன்?” என்றவர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் போய் வெகுநேரமாகியும் பெட்டி ரோட்டிலேயே கிடந்தது.