நடிக்கத் தெரியாத நோயாளி

புகைப்பவர்களை அந்தப் பழக்கத்திலிருந்து மீட்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு, மைக்கை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. தட்டித் தட்டியே கால்மணி நேரத்தை ஓட்டினார். மருத்துவமனையின் மேல்மாடிக் கூடத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள் நெஞ்சுநோய் வார்டு நர்ஸ். வார்டில் இருமி ஓய்ந்து கிடப்பவர்களை இன்னொரு நர்ஸின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். வராவிட்டால் மேலிடத்திலிருந்து ஓலை வரும்.

பயிற்சியாளர் மனித குலத்தையே வண்ண அட்டைகளுக்குள் அடக்கி வைத்திருந்தார். கர்ப்பிணிக்கு மஞ்சள், மனநோயாளிக்கு ஊதா, வேற்றுமொழிக்காரருக்குப் பச்சை, ராத்திரி வேலைக்காரருக்கு நீலம். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகப் பேச வேண்டுமாம். அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் என்ன பேசுவார்கள் என்பதையும் அட்டையின் பின்பக்கம் அச்சடித்துவிட்டார் மனிதர். நீல அட்டைக்காரர் முதல் சந்திப்பில் மனம் திறக்க மாட்டார் என்று போட்டிருந்தது. முன்வரிசைப் பல் டாக்டர் அதை பயபக்தியோடு அடிக்கோடிட்டார்.

நர்ஸின் அண்ணன் நீல அட்டைக்காரன்தான். ராத்திரி முழுக்க லாரி ஓட்டுகிறவன். காலில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. சிகரெட்டை விட்டால்தான் ஆபரேஷன், இல்லையென்றால் காலை மறந்துவிடு என்று அவனைப் பார்த்த டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கச்சிக்காரி கெஞ்சினாள், திட்டினாள், பாக்கெட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். அவன் அசைந்து கொடுக்கவில்லை. நேற்றுதான் தானாகவே போன் பண்ணி, யாரிடமாவது என்னைக் காட்டு என்றான். மத்தியானத்துக்கு மேல், மாடிக் கூடத்துக்கே வந்துவிடு, எல்லா டாக்டரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், வகுப்பு முடிந்ததும் நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்துத் தருகிறேன் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அறிவிப்பு. நாடகக் குழுவிலிருந்து ஒருவர் லாரி டிரைவர் வேஷத்தில் வருவார், நிஜ நோயாளி என்றே நினைத்துப் பேசுங்கள், சுற்றி நிற்பவர்கள் பேசுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் மார்க் போடுங்கள் என்றார் பயிற்சியாளர். அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து அழைப்பு வந்தது. யாருக்கோ ஆக்ஸிஜன் குழாய் கழன்றுவிட்டதாம். நர்ஸ் பின்படி வழியாகக் கீழே ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது கூடம் கைதட்டிக்கொண்டிருந்தது. சிறந்த ஆலோசகராகப் பல் டாக்டரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பயிற்சியாளர் முகமெல்லாம் பல்லாக நின்றார். அப்போது வாசலில் ஒட்டு மீசையோடு ஓர் ஆள் வந்து, பஸ் கிடைக்கவில்லை, மன்னிக்கணும், நான்தான் இன்றைய நோயாளி என்று மூச்சு வாங்கினார். கைதட்டல் பாதியில் நின்றது.

"அப்ப, இதுக்கு முன்னாடி வந்தது யாரு?" என்றாள் நர்ஸ். கேட்கும்போதே அவள் கண் கூடத்தில் அண்ணனைத் தேடியது.

பல் டாக்டர் சொன்னார். ஒரு டிரைவர் விந்தி விந்தி வந்தாராம். மனைவி போன பிறகு, விடியற்காலையில் வீடு திரும்பினால் கதவைத் திறக்க ஆளில்லை, பூட்டில் சாவியைப் போடுமுன் வாசற்படியில் உட்கார்ந்து ஒன்று பற்றவைப்பேன், அது தீரும்வரைக்கும் உள்ளே போகாமல் இருக்கலாமே என்றாராம். சொல்லி அழுதாராம். பிரமாதம் என்று எல்லோரும் தட்டினார்களாம். பயிற்சியாளர் மட்டும் நடிப்புக்கான மார்க்கைக் குறைத்துவிட்டார். நீல அட்டைக்காரர் எடுத்த எடுப்பில் இவ்வளவு பேச மாட்டார், அழுகையும் கொஞ்சம் ஓவர், வெளியே போய்விட்டு இந்தத் தடவை கோபமாக வாங்க என்று அனுப்பிவைத்தாராம்.

படித்த கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு மனுஷன் அழுவதைப் பார்த்து மார்க் போட்ட கைகள். நர்ஸுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. அந்த வாசற்படி விஷயம் தனக்கே தெரியாது என்பதும் சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இல்லையா என்று அண்ணனிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கீழே இறங்கி ஓடினாள். ஆஸ்பத்திரி வாசல் கேட்டுக்கு வெளியே, சுவரோரத் திட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்தது.

"கோவமா வரச் சொன்னாங்கம்மா," என்றான். "எனக்குக் கோவம் வரல. அதான் இங்கயே உக்காந்துட்டேன்."

பின்னாலேயே பயிற்சியாளர் மூச்சு இரைக்க இரைக்க ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று அவள் ஒரு கணம் நம்பிவிட்டாள். தவறாக நினைக்க வேண்டாம், ரொம்ப இயல்பாக இருந்தது, அடுத்த வகுப்புக்கும் இவரால் வந்துபோக முடியுமா என்றார்.

நர்ஸ் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"கோவம் எங்கிட்ட நெறைய இருக்குண்ணா. வா, மேல போலாம். இந்தத் தடவை நான் பக்கத்துல இருக்கேன்."

அவன் கையிலிருந்ததைப் பார்த்தான். "இத முடிச்சுட்டு வரட்டுமா?"

எப்போதும் பிடுங்கி எறிகிறவள், திட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடியட்டும் என்று காத்திருந்தாள். பயிற்சியாளரையும் வெயிலில் நிற்க வைத்தாள்.