மலிக் வீட்டு ஆடும் ஜூனிபர் கன்றும்

ஷாதி கான் இருந்தான், காவல்காரன் லவாங் இருந்தான், முல்லா இருந்தார், பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், நடுவில் ஊர்த் தலைவர் மலிக் தாவர் கான், அவருக்கு எதிரே அவருடைய சொந்த ஆடு, வாயில் ஜூனிபர் மரக்கன்றின் நுனி... நாள் பல கழிந்தும் கண்ணுக்குள் அது மென்றுகொண்டே நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்குக்காரர்களாவது இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா, இனிக் குவெட்டா சந்தை வரை இதே பேச்சுதான்... யாருமே இல்லையென்றாலும் ஆட்டின் காதில் வீட்டுக் குறி இருக்கிறதே, கழுத்தில் மனைவி பக்மீனா கட்டிய சிவப்புக் குஞ்சம் வேறு. வசந்தத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடும் ஜிர்காவில் எழுந்து நின்று, ஜூனிபர் முளைக்க வேண்டிய இந்தச் சரிவில் இனி ஆடு ஏறக் கூடாது, ஏறினால் ஆட்டுக்காரன் ஒரு கிடா வெட்டி ஊருக்குப் போட வேண்டும், யாராக இருந்தாலும், என்று சொன்னது யார்? இவர்தான். அந்த ‘யாராக இருந்தாலும்’ என்பதை ஷாதி கானைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னார். சித்தப்பா மகன், ஒரே தாத்தாவின் பேரன், வாய்க்கால் தண்ணீர் முறையிலிருந்து பள்ளிவாசல் கூரை வரை எல்லாவற்றிலும் எதிர்க்கட்சி, அவன் ஆடுதான் முதலில் ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தார்... கணக்கில் பிழையில்லை, ஆடுதான் மாறிவிட்டது.

இப்போது சரிவின் அடியில் கிடா வெந்துகொண்டிருக்கிறது, மந்தையிலேயே கொழுத்த வால் உள்ள செம்மறி, சின்னதை வெட்டினால் அது இன்னொரு அவமானம். முல்லா வால் கொழுப்பின் பக்கமாகவே பாயை நகர்த்துகிறார். லவாங் இவர் கண்ணில் படாமல் விறகு தள்ளுகிறான். “மலிக் சாகிப், உங்க வீட்டு ஆடு மாதிரி...” என்று அன்றைக்கு அவன் இழுத்தபோது, “மாதிரி என்னடா மாதிரி, என் ஆடுதான்” என்று முதுகு வளையாமல் சொல்லிவிட்டார், அது ஒன்றுதான் ஆறுதல். பக்மீனாதான் விடவில்லை, “தாத்தா பேரைக் காப்பாத்துறேன்னு ஊரெல்லாம் பேசுறீங்க, பட்டிக் கொக்கியை மாட்ட முடியலையா?” எப்படி மாட்டுவது, அன்றைக்கு அவசரம் அப்படி, முள்புதருக்குள் கன்று முளைத்திருக்கிறது வாருங்கள் என்று எல்லாரையும் அழைத்ததே இவர்தானே, கணுக்கால் உயரம்தான், ஆனால் இவர் பேரனைவிட மூத்தது, மலை முழுக்கக் கிழட்டு மரங்கள், பிள்ளை பிறக்காத வீடு மாதிரி, நடுவில் இது ஒன்று பச்சையாக... முல்லா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதற்குள் ஆடு குறுக்கு வழியில் முந்திக்கொண்டது. போனது நுனி மட்டும்தான், அதுவும் துளிர்க்கும். வேறெதையும் கடித்திருக்கிறதா என்று எல்லாரும் முட்டி போட்டுப் புதர் புதராகத் தேடியபோதுதானே அங்கே ஒரு கன்று, இங்கே ஒரு கன்று, பறவை போட்ட விதையில் முளைத்தவை... முள்ளில் தலைப்பாகை மாட்டிக்கொண்ட முல்லாகூட, “இதோ, இங்கயும்” என்றார். ஆடு ஏறாமல் இருந்திருந்தால் அங்கே யார் குனிந்திருப்பார்கள்? சீ, இதென்ன ஆட்டுக்கு வக்காலத்து.

தட்டு வந்தது. பள்ளத்தாக்குக்காரர்களில் மூத்தவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “மலிக் வேணும்னே ஆட்டை அவுத்து விட்டாராமே, சட்டம் தன் வீட்டுக்கும் உண்டுன்னு காட்டுறதுக்கு. இப்படி ஒருத்தர் எங்க ஊர்ல இல்லையே” என்றார். தலைகள் ஆடின. உடம்பெல்லாம் இதமாகச் சூடு ஏறியது, தாத்தாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி... யார் சொன்னது இதை? மூத்தவரின் தாடை ஷாதி கான் பக்கம் திரும்பியது. அவன் எலும்பைத் தட்டி உள்ளிருப்பதை உறிஞ்சியபடி, தலை தூக்காமல், அண்ணன் முறை வைத்து இவர் காதுக்கு மட்டும் சொன்னான், “சும்மா இரு லாலா. எனக்கும் அவர்தான் தாத்தா.” இவனா? இவனா வீட்டுப் பேரைக் காப்பாற்றினான், இல்லை, இனி வாய்க்கால் முறையில் வாய் திறக்க முடியாதபடி என்னை வாங்கிவிட்டானா, இரண்டும்தானோ, இவ்வளவு நாளும் அவனும் அந்தப் பேரைத்தான் காத்துக்கொண்டிருந்தானோ, எதிர்ப்பக்கத்திலிருந்து... கேட்டால் சொல்லவா போகிறான். மலிக் தாவர் கான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரும் அவுத்து விடலை. கொக்கியை மாட்ட மறந்துட்டேன்.”