ஆறடிக்கு மேலே

சுவரை இடிக்க ஆள் வந்த சனிக்கிழமை காலை, புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே மாடிப்படி இறங்குவதைப் பார்த்ததும் அவள் அடுப்பை அணைத்தாள். அவர் சட்டைக் கையை மடித்தால் யார் கன்னத்துக்கோ வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அதுகூடத் தெரியாமல் இருக்குமா?

அவரை அந்த மேட்டில் டைல்ஸ் முதலாளி என்பார்கள். நகரத்தின் சத்தம் எட்டாத தூரத்தில், ஒரு வீட்டின் புல்வெளி முடிந்தால் அடுத்த வீட்டின் புல்வெளி தொடங்கும் குடியிருப்பு அது. குப்பைத்தொட்டி வெளியே தெரியக்கூடாது. துணி கொடியில் காயக்கூடாது. எல்லா கேட்டுக்கும் குடியிருப்போர் சங்கம் சொன்ன சாம்பல் நிறம்தான். சுவர் ஆறடிக்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போகக்கூடாது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அங்கே முதலில் வீடு கட்டியவர் அவர்தான். நீச்சல் குளத்துக்கு நீலக் கல்லை ஒவ்வொன்றாகத் தானே பொறுக்கிப் பதிக்கவைத்தார். விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் தரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கெட்ட மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. வாய்க்கு முன்னால் கை போய்விடும், அவ்வளவுதான். கல்யாணமான மூன்றாம் வருஷம் விட்ட ஓர் அறையில் அவளுடைய இடது காது இரண்டு நாள் ரீங்காரம் போட்டது. அப்புறம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு. அடித்த மறுநாள் வீட்டில் புதுசாக ஏதாவது வந்து இறங்கும். மூன்று பேர்கூட இல்லாத வீட்டில் இரண்டு பெரிய ஃப்ரிட்ஜ் இருந்தது அப்படித்தான்.

அவளுக்குத் தம்பி ஒருவன். படிப்பு ஏறவில்லை என்று அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனைப் புருஷனுடைய கிடங்கில் சேர்த்துவிட்டாள். ஆறு வருஷம் லாரியிலிருந்து பெட்டி இறக்கினான். வாடிக்கைக்காரர்கள் முன்னால் கன்னத்தில் வாங்கினான். அவள் கண்கலங்கினால், "மாமாதானே, விடுக்கா" என்பான். ஒருநாள் பெரிய பளிங்குப் பலகை ஒன்று கைநழுவி மூலை உடைந்தது. உடைந்த துண்டை எடுத்தே முதலாளி அவன் தோளில் ஒன்று போட்டார். எட்டுத் தையல். தையல் பிரித்த அன்றைக்கே அவன் வேலையை உதறிவிட்டு, வீடு மனை விற்கும் ஒரு புரோக்கரிடம் போய்ச் சேர்ந்தான்.

அப்புறம் அவன் நேரம். பத்து வருஷத்தில் அந்த மேட்டில் அவன் கைபடாமல் ஒரு வீடு கைமாறாது என்ற நிலைமை வந்துவிட்டது. ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டான். கடைசியில், மாமா வீட்டை ஒட்டியிருந்த காலி மனையையே வாங்கினான்.

"மேட்டுல வேற மனையே கிடைக்கலையா உனக்கு?" என்று அவள் கேட்டாள்.

"கிடைச்சுது. இதுதான் பிடிச்சிருந்துச்சு."

வீட்டை ஒரு மாடி உயர்த்திக் கட்டினான். மேல் பால்கனியில் நின்றால் அக்கா வீட்டுக் குளம், சமையலறை ஜன்னல், துண்டைக் கட்டிக்கொண்டு மாமா உடற்பயிற்சி செய்வது எல்லாம் தெரியும். தினமும் காலையில் அங்கே நின்று காபி குடித்தான். எதுவும் பேசமாட்டான், சும்மா பார்ப்பான். முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "என் கிடங்குல பெட்டி இறக்கினவன், என் தலைக்கு மேல நின்னு காபி குடிக்கிறான்" என்று ஒரு மாசம் முணுமுணுத்தவர், திடீரென்று ஆள் வைத்துச் சுவரை ஒன்பது அடிக்கு உயர்த்திவிட்டார். தம்பி சங்கத்துக்குப் புகார் எழுதினான். சங்கம் மூன்று நோட்டீஸ் விட்டது. மூன்றையும் அவர் கிழித்துப் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை செக்ரட்டரி தானே நேரில் வந்து நின்றார். விமானம் ஓட்டி ஓய்வுபெற்றவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். கூட ஒரு கொத்தனார் சம்மட்டியோடு நின்றிருந்தார். சுவர் முடிகிற இடத்தில், முன்பக்க வேலிச்செடிக்கு அந்தப் பக்கம் தம்பி.

"மேல இருக்கிற மூணடி மட்டும்தான் சார். அரை நாள் வேலை" என்றார் செக்ரட்டரி.

முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை. நேரே கொத்தனாரிடம் போய், "யார் வீட்டுச் சுவர்ல கை வைக்கிறே?" என்று கேட்டுக்கொண்டே கன்னத்தில் ஒன்று விட்டார். கொத்தனார் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

தம்பி வேலிச்செடியைத் தாண்டி வந்தான். "அவரை எதுக்கு அடிக்கிறீங்க மாமா? லெட்டர் குடுத்தது நான்."

"உனக்கு இங்க என்னடா வேலை?"

"சுவர் இடிக்கிறதைப் பாக்க வந்தேன்."

முதல் அறை விழுந்தது. தம்பி அசையவில்லை. இரண்டாவது விழுந்தது. அவள் ஓடிவந்து, "விடுங்க, ஆளுங்க பாக்கறாங்க" என்று புருஷன் தோளைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு மூன்றாவதாக ஒன்று விட்டார். எதிர்வீட்டுத் திரை லேசாக விலகியது. இரண்டு வீடு தள்ளிப் புல் வெட்டிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.

தம்பி குனிந்து சம்மட்டியை எடுத்தான். அவன் முகத்தில் கோபம் என்று ஒன்றுமே இல்லை. பெட்டி இறக்கக் குனிகிற முகம்தான் அது. அவளைப் பயமுறுத்தியதே அதுதான். அவன் சம்மட்டியைப் பக்கவாட்டில் வீசி மாமாவின் வலது முழங்காலில் இறக்கினான்.

ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவர் புல்லில் மடங்கி விழுந்தார். முட்டிக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அலறக்கூடக் கொஞ்சநேரம் ஆனது அவருக்கு. தம்பி சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"எட்டுத் தையல் மாமா" என்றான். "எண்ணி வச்சிருக்கேன்."

அவன் எங்கே இறக்கப்போகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. புருஷன் தலையின் மேல் தன் இடது கையை நீட்டிக்கொண்டு விழுந்தாள். அவர் உயிருக்காகவா, தம்பி கொலைகாரன் ஆகிவிடக்கூடாது என்பதற்காகவா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசி நொடியில் அவன் பார்த்துவிட்டான். நிறுத்தப் பார்த்தான். ஆனாலும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரும்பு வந்து இறங்கியது. இரண்டு எலும்பும் போயின. ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே எட்டிப் பார்த்தது.

"அக்கா" என்று தம்பி சம்மட்டியை நழுவவிட்டு மண்டியிட்டான். அந்த நேரம் பார்த்து முதலாளி கையெட்டும் தூரத்தில் கிடந்த கல்லை எடுத்து, அவன் வாயில் ஓங்கி இடித்தார். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. கொத்தனார்தான் வந்து கையை மடக்கிப் பிடித்தார்.

தம்பி பொண்டாட்டி வீட்டிலிருந்து ஓடிவந்தாள். அழவில்லை, யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாத்தனார் கைக்குத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, புல்லில் தடவித் தடவிப் புருஷனின் மூன்று பற்களைப் பொறுக்கி, பாலில் வைத்தால் பல் சாகாது என்று ஒரு தம்ளர் பாலில் போட்டுக்கொண்டாள். ஆம்புலன்ஸ் கிளம்பும்போது, நின்றிருந்த புல்வெட்டும் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்ததை, கை முறிந்து உள்ளே கிடந்த அவள் கேட்டாள்.

ஒரே ஆஸ்பத்திரி, மூன்று பேருக்கும் மூன்று மாடி. இரண்டாம் நாள் முதலாளி சக்கர நாற்காலியில் அவள் அறைக்கு வந்தார். "போலீஸ் வருவாங்க. என்னைக் கொல்ல வந்தான்னு சொல்லு. நான் கையே ஓங்கலை." சாயங்காலம் தம்பி பொண்டாட்டி வந்தாள். "உங்க தம்பி எழுதிக் குடுத்திருக்கார் அக்கா. மாமா சுவர்ல இருந்து விழுந்தார்னு சொல்லச் சொல்றார்." சொல்லிவிட்டு அந்தச் சீட்டைக் கசக்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் இன்ஸ்பெக்டரம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். எத்தனை அறை, யாருக்கு யார், எது முதலில், எது பிறகு, எல்லாம். அவளைத் தவிர வேறு யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. செக்ரட்டரிக்கு அந்த நேரம் போன் வந்ததாம். எதிர்வீட்டுக்காரர்கள் ஊரிலேயே இல்லையாம். கொத்தனார் சொந்த ஊருக்குப் போய்விட்டார், நம்பர் மாறிவிட்டது.

இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் ஹாலுக்கு வந்தபோது, புருஷனும் தம்பியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். கேஸ் இருப்பதால் தம்பியிடம் வீடு வாங்க வருகிறவர்கள் நழுவ ஆரம்பித்திருந்தார்கள். முதலாளியின் கடையில் டைல்ஸ் பார்க்க வருகிறவர்கள் டைல்ஸை விட்டுவிட்டு அவர் காலைப் பார்த்தார்கள். மேட்டின் அந்தப் பக்கம் நாற்பது பங்களா எழும்பிக்கொண்டிருந்தது. விற்பது தம்பி. அத்தனைக்கும் தரை போடுவது மாமா என்று பேசி முடித்துவிட்டார்கள். மேஜையில் வக்கீல் எழுதிய தாள் இருந்தது.

"படிச்சுப் பாருக்கா" என்றான் தம்பி. புதுப் பல் வரிசையில் 'ச' கொஞ்சம் வழுக்கியது.

அவள் நின்றபடியே படித்தாள். வலி மருந்தின் மயக்கத்தில் தவறாகச் சொல்லிவிட்டதாகவும், உண்மையில் சுவர் இடிந்து மூன்று பேர் மேலும் விழுந்ததாகவும் அதில் இருந்தது.

"சுவர் விழுந்துச்சா?"

"ஆமா."

"சுவர் இன்னும் நிக்குதே."

"அடுத்த வாரம் இடிச்சிரலாம்" என்றார் முதலாளி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கையெழுத்துப் போட முடியாது" என்றாள்.

"ரெண்டு குடும்பமும் தலை நிமிர்ந்து இருக்கணும்னுதான் இவ்வளவும். புரியுதா உனக்கு?"

"என் கை?"

"அதான் பிளேட் வச்சாச்சேக்கா" என்றான் தம்பி.

முதலாளி பக்கத்தில் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்துச் சுழற்றினார். பிளேட் வைத்த கையிலேயே விழுந்தது. அவளுக்குக் கண் இருட்டியது. இருட்டு விலகியபோது அவள் பார்த்தது தம்பியைத்தான். காபி தாளில் சிந்திவிடக்கூடாது என்று அவன் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

ஊன்றுகோல் மறுபடி வந்தது. அவள் அதன் நுனியை வலது கையால் பிடித்து இழுத்தாள். அவர் பிடியை விடவில்லை. சோபாவிலிருந்து வழுக்கி, உடைந்த முழங்கால் தரையில் மோத விழுந்தார். அந்த வீடு அதுவரை கேட்டிராத சத்தம் போட்டார்.

"அக்கா, என்ன பண்றே?" தம்பி எழுந்து அவளை நெருங்கினான்.

அவள் தன் கைக்கு வந்துவிட்ட ஊன்றுகோலைச் சுழற்றி அவன் மேல்கையில் ஒன்று போட்டாள். நல்ல அடி. அடித்த கைக்குள் சூடாக ஒன்று பரவியது. இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. இன்னொன்று போடவும் கை துடித்தது. அந்தத் துடிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. ஊன்றுகோலை அங்கேயே போட்டாள்.

"தூக்கிவிடு" என்றார் புருஷன் தரையிலிருந்து.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து, வாசலில் செருப்பை மாட்டினாள். மேட்டிலிருந்து ஸ்டேஷன்வரை இறக்கம். அரைமணி நேரம் நடந்தாள். இன்ஸ்பெக்டரம்மா எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் பேனாவை நிறுத்தினார்.

"நீங்க அடிச்சதை விட்டுடலாமே? யாரும் கேக்கமாட்டாங்க."

"எழுதுங்க. அதுவும் நடந்ததுதான்."

அவள் மேட்டுக்குத் திரும்பவில்லை. கீழே, ஒரு மருந்துக்கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் சின்ன வீடு பிடித்தாள். திரைச்சீலை விற்கும் கடையில் வேலை கிடைத்தது. ஜன்னலுக்கு அளவெடுக்க வீடு வீடாகப் போவாள். இடது கை பாதிக்கு மேல் திரும்பாது. டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரர்களையே பிடிக்கச் சொல்லுவாள். பழைய மேட்டு வீடுகளுக்கும் இரண்டு தடவை போயிருக்கிறாள். அடையாளம் தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். அவளும் அப்படியே நடந்துகொண்டாள்.

ஐந்தாவது மாசம் ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. தம்பி பொண்டாட்டி நின்றிருந்தாள், கையில் பெட்டி. கீழுதடு பிளந்து, தானே தையல் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"எப்போ?" என்று கதவைத் திறந்தவள் கேட்டாள்.

"நேத்து. முதல் தடவை இல்லை அக்கா." பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். "அன்னிக்குப் பால்கனியில நின்னு எல்லாத்தையும் பாத்தேன். யாரும் என்னைக் கேக்கலை. நானும் சொல்லலை."

"சாப்பிட்டியா?"

"இல்லை."

"பெட்டியை அங்க வை. ஃபேனுக்கு அடியில உக்காரு."

கோர்ட்டில் தம்பி பொண்டாட்டி இரண்டாவது சாட்சி ஆனாள். வக்கீல்கள் இரண்டு பேரையும் நாள் கணக்கில் நிறுத்திக் குடைந்தார்கள். குடும்பத்தைக் கெடுத்தவர்கள் என்று சொந்தபந்தம் போனில் கூப்பிட்டுச் சொன்னது. தம்பிக்கு மூன்று வருஷம் ஜெயில் ஆனது. புருஷனுக்கு ஒரு வருஷம். ஊன்றுகோலால் அடித்ததற்கு அவளை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அழுகை வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

வெளியே வெயில். தம்பி பொண்டாட்டி மணியைப் பார்த்தாள்.

"நாலு மணிக்கு ஒரு பல் பிடுங்கணும் அக்கா. லேட் ஆனா அந்த மனுஷன் பயந்து ஓடிருவார்."

இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தார்கள்.