உரக்கப் படித்த கமா

அச்சகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள், தான் எழுதிய ஒற்றைக் கட்டுரையை வருடக்கணக்காக அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஊருக்குத்தான் உபதேசம்.

கட்டுரை அவளுடைய அப்பாவைப் பற்றியது. கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தூசி என்று எதிலும் குற்றம் கண்ட மனிதர். கைகால் விழுந்து படுக்கையில் கிடந்தபோதும் வாய் மட்டும் ஓயவில்லை. அவளும் அக்காவும்தான் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதையெல்லாம் எழுதிவிட்டாள். கடைசி வரிதான் பாடாய்ப் படுத்தியது. ‘அப்பா இறந்த அன்று அந்த வீட்டில் நான் மட்டும் நிம்மதியாகத் தூங்கினேன்.’ மாற்றினால் பொய்யானது. விட்டால் பயமாக இருந்தது. அன்று அக்கா மாரில் அடித்துக்கொண்டு கதறியவள். அக்காவை விட்டால் இவளுக்கு வேறு நாதி கிடையாது. இந்த வரி காதில் விழுந்தால் அப்புறம் அக்கா இவள் வாசலை மிதிப்பாளா?

இதெல்லாம் சோடாபுட்டிக்குத் தெரியாது. அவர் அச்சகத்தில் அவளோடு ஜோடியாக உட்கார்ந்து பிழை பார்ப்பவர். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லி இவள் மூலப்பிரதியை உரக்கப் படிப்பாள். அவர் அச்சான தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, இவள் நிறுத்தும் இடத்தில் “சரி, மேல” என்பார். இவள் ஏதோ எழுதுகிறாள் என்று மோப்பம் பிடித்து, நூலகத்து வாசிப்புக் கூட்டத்துக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார் மனிதர். அதோடு விட்டாரா? அக்காவுக்கும் போன் போட்டு வரச் சொல்லிவிட்டார். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கழுத்தை அறுப்பவர்களை என்ன செய்வது?

படிக்கமாட்டேன் என்று சொல்லத்தான் அவள் கூட்டத்துக்குப் போனாள். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மைக் முன்னால் நின்று, எப்போதும் பையிலேயே கிடக்கும் கட்டுரையை எடுத்துப் பிரித்தாள். இதையாவது உருப்படியாகச் செய்வாயா என்று அப்பா காதுக்குள் கேட்டார். வாயைத் திறந்தாள்.

“அப்பாவுக்கு கமா எதுவுமே சரியாக இருந்ததில்லை முற்றுப்புள்ளி புதுப் பத்தி...”

பயத்தில் வேலைப் பழக்கம் முந்திக்கொண்டது. கூடம் கொல்லென்று சிரித்தது. அக்காவுக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்; இப்படிக் கூடமே சிரிக்கும் என்று நினைக்கவே இல்லை. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? கமாக்களை விழுங்கிக்கொண்டு படித்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. அடங்கியதும் பயம் இன்னும் கூடியது, ஏனென்றால் இப்போது எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரி வந்தது. விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் யாரோ இருமினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பழக்கதோஷம், வேறென்ன?

“சரி, மேல.”

படித்துவிட்டாள்.

அதன் பிறகு கைதட்டினார்களா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கடைசி வரிசைக்குப் போய் நாற்காலியில் விழுந்தாள். அக்கா எழுந்து வருவது தெரிந்தது. அறைந்தாலும் பரவாயில்லை, பேசாமல் தாண்டி வாசலுக்குப் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளை வாங்கி, கடைசி வரியில் விரல் வைத்துப் பார்த்தாள்.

“ஒரு தப்பு இருக்கு. பேனா வச்சிருக்கியா?”

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அக்கா ‘மட்டும்’ என்ற சொல்லின் மேல், தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கோடு போட்டாள்.

“நானும் தூங்கினேன்டி,” என்றாள் அக்கா. “அன்னைக்கு அப்படிக் கத்தி அழுதது பயத்துல. உள்ளுக்குள்ள அழுகையே வரலைன்னு யாராவது கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு.”

சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தாள்.