கல்யாணி பாடிய வேக்குவம்

எங்கள் வீட்டு வேக்குவம் கிளீனர் கல்யாணி ராகம் பாடும். அதுவும் நாலு கட்டை சுருதியில். சிரிக்காதீர்கள், ஐந்நூறு பேர் கேட்டார்கள். சரி, ஐம்பது.

எங்கள் ஃப்ளாட் மண்டபத்து ஆர்மோனியத்தை எலி தின்றுவிட்டது. இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை பஜனை நடத்தும் சந்திரிகா அக்காவுக்குச் சுருதி இல்லை.

"இந்த வாரமும் இல்லேன்னா என் கரோக்கே செட்டை இறக்கிடுறேன்லா," என்றான் மூன்றாம் மாடி மோகனராஜ். அது ஒருமுறை இறங்கினால் அக்காவின் பஜனைக்கு அதோடு முழுக்குதான்.

"ஆர்கன் நான் செஞ்சு தர்றேன்," என்றேன்.

"நீங்களா? ஆர்கனா?" விழுந்து விழுந்து சிரித்தான்.

ஜுரு ஊர்க் கார் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். நான் கழற்றாத பொருளை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. எட்டு மவுத் ஆர்கன்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பித்தளைத் தகடு, தகடு நிறையக் குட்டி நாக்குகள். மேல் தகடுகள் ஒரு பலகைப் பெட்டியில், கீழ்த் தகடுகள் இன்னொன்றில். அழுத்த ஐஸ்கிரீம் குச்சிகள். காற்றுக்கு, வீட்டில் கார் சீட் சுத்தம் செய்யும் வேக்குவம். அது ஊதும் வாயில் இரண்டு பெட்டிக்கும் குழாய். ரி அழுத்திப் பார்த்தேன், பாடியது. போதும் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை, மண்டபம் நிறையக் கூட்டம். இரைச்சலுக்குப் பயந்து வேக்குவத்தைப் பின்வாசலுக்கு வெளியே வைத்து, குழாய்களை மட்டும் உள்ளே விட்டிருந்தேன்.

"ச குடுங்க தம்பி," என்றார் அக்கா.

புஸ்ஸ்.

க? புஸ்ஸ். ஏழில் ரி, ப, நி மட்டும்தான் வாயைத் திறந்தன. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

மோகனராஜ் மைக்கோடு எழுந்தான். "அண்ணே, மவுத் ஆர்கன் வாசிச்சதே இல்லியா? ஊதினா பாதிதான் வரும். மீதிக்கு மூச்சை உள்ள இழுக்கணும்லா!"

வாசித்ததே இல்லைதான். பின்வாசலுக்கு ஓடினேன். கீழ்த் தகட்டுப் பெட்டியின் குழாயை உருவி, வேக்குவம் உறிஞ்சும் வாயில் சொருகினேன். குழாய் உருவிய ஓட்டையைக் கந்தல் துணியால் அடைத்தேன்.

ச வந்தது. யானை தும்மியது போலத்தான், ஆனால் சுத்தமான ச. பக்கத்து ஊர் பட்டர்வொர்த்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் தாளம் போட்டிருப்பார்கள். அக்கா கண்ணை மூடி அதைப் பிடித்துக்கொண்டு கல்யாணி ராகத்தில் ஆரம்பித்தார், நான் குச்சிகளை அழுத்தினேன். அப்புறம் முக்கால் மணி நேரம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

முடித்ததும் திரும்பினார். "சொல்லு மோகன், அடுத்த வாரம் உன் செட்டா, இதுவா?"

அவன் பின்வாசலை எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"இதுதான்க்கா. கல்யாணியேதான் பாடிச்சு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்லா."