சீல் உடையாத டப்பா

அந்தக் கேமராக் கடைக்காரருக்குத் தெருவில் சீல்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. டப்பாவின் மேல் கம்பெனி ஒட்டிய சீல் உடையாதவரைதான் கேமரா புதுசு, உடைத்த மறுநிமிஷம் அது பழைய சாமான் என்பது அவருடைய வேதம். முப்பது வருஷமாகக் கேமரா விற்கிறார். ஒரே ஒரு படம் எடுத்ததில்லை. செருப்புக் கடைக்காரன் தினம் ஒரு ஜோடி மாட்டிப் பார்ப்பானா என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்தும் கொள்வார்.

போன வருஷம் ஒரு புது மாடல் வந்தது. இருட்டில் பூனை மாதிரி பார்க்கும். படம் எடுத்தால் சத்தமே வராது. வாங்க ஆளுக்கு ஆள் அடிதடி. கம்பெனியோ கடைக்கு மாசம் ஒன்று என்று சொட்டு மருந்து போல அனுப்பியது. கூடவே ஒரு கட்டளை: பெயர் பதிந்த வரிசைப்படி, லேபிள் விலைக்குத்தான் விற்க வேண்டும், மீறினால் ஏஜென்சி ரத்து. சீல்காரர் அந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோட்டு ஒன்று வாங்கி, 'வரிசைப் பட்டியல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, நாற்பத்தொரு பேரைப் பதிந்தார். அதன்பிறகு வந்த கேமராக்களை ஒன்றுவிடாமல் இணைய ஏலத்தில் விற்றார்.

சொந்தப் பெயரில் விற்க அவர் என்ன முட்டாளா? மனைவி பெயரில் ஒரு ஏலக் கணக்கு. 'பரிசாக வந்தது. எனக்குப் பயன்படாது. சீல் உடைக்கவில்லை. மனசில்லாமல் விற்கிறேன்' என்று போடுவார். ஏலம் முடிகிற கடைசிப் பத்து நிமிஷம் கடைக்கு யார் வந்தாலும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். லேபிள் விலைக்கு இரண்டு பங்கு, இரண்டரைப் பங்கு என்று ஏறும்போது அந்த முகத்தில் ஒரு தெய்வீகக் களை வரும். இப்படி அந்த அம்மாளுக்கு ஏழு மாதத்தில் ஏழு கேமரா பரிசாக வந்து சேர்ந்தது.

"எனக்கு மாசா மாசம் கேமரா பரிசு குடுக்கிற அந்த மகராசன் யாருங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். "ஒரு தடவை கண்ணுல காட்டுங்க. உங்கள விட்டுட்டு அவர்கூடப் போயிடலாமான்னு பாக்கறேன்."

"வியாபாரம்னா நாலும் இருக்கும். நீ உள்ள போ."

பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? கூடப்பிறந்த தங்கையுடையது.

தங்கை படம் எடுப்பவள். பத்து வருஷமாகப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "கண்ண மூடாதீங்கடா" என்று கத்தித் தொண்டை கட்டியவள். இப்போதுதான் ஒரு நல்ல வேலை கதவைத் தட்டியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மாசம் நிறையாமல் பிறந்த குழந்தைகளை ஒரு வருஷம் தொடர்ந்து படம் எடுக்க வேண்டும். நர்ஸ்களுக்கான பாடப் புத்தகத்துக்கு. அந்த அறையில் வெளிச்சம் போடக் கூடாது, சின்னச் சத்தம்கூடக் கூடாது. "அந்தப் புது கேமராவோட இந்த மாசக் கடைசிக்குள்ள வாங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டார். பட்டியலில் பெயர் பதிந்த நாளிலிருந்தே ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, வந்துச்சா?"

"எங்கம்மா வருது? கம்பெனிக்காரன் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறான். வந்தா மொத டப்பா உனக்குத்தான். தங்கச்சிக்கு மிஞ்சியா எனக்கு மத்தவங்க?"

இதைச் சொல்லும்போது மேஜைக்கு அடியில், அவருடைய கால் கட்டைவிரலில் இடித்துக்கொண்டு, சீல் வைத்த டப்பா ஒன்று தேமே என்று உட்கார்ந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் சும்மாவா? அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

எட்டாவது மாதம் இரண்டு டப்பா வந்தது. ஒன்று கேமரா, இன்னொன்று கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கான டம்மி. அசல் போலவே இருக்கும், கனம்கூட அதேதான், உள்ளே ஈயக்கட்டி. கடையில் பில் போடும் பெண் ஒரு டப்பாவைத் திருப்பி, "அடியில என்னவோ பொடி எழுத்துல போட்டிருக்கு சார், கண்ணாடி போட்டுட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"படிச்சுத் தெரிஞ்சுக்கறவன் கத்துக்குட்டி. எனக்குக் கை சொல்லும்" என்றார் சீல்காரர். ஒரு கைக்கு ஒரு டப்பா என்று தூக்கினார். கண்ணை மூடினார். "இதுதான் டம்மி" என்று தீர்ப்புச் சொல்லி, இடது கை டப்பாவின் சீலைக் கிழித்தார். மேல் தட்டில் இருந்ததை எடுத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்து, 'டம்மி, விற்பனைக்கல்ல' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். அடித் தட்டை அவர் திறக்கவே இல்லை. டப்பா பரணுக்குப் பறந்தது. வலது கை டப்பா ஏலத்துக்குப் போய், லேபிள் விலைக்கு மூன்று பங்கில் முடிந்தது. வாங்கியவர் வெளியூர் வக்கீல் ஒருவர்.

அந்தச் சனிக்கிழமை தங்கை வந்தபோது சீல்காரர் மனசு குளிர்ந்துபோய் இருந்தார்.

"வரலம்மா" என்று அவரே முந்திக்கொண்டார்.

"தெரியும்ணே. ஒருத்தர் ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்குத் தரேன்னு சொல்லியிருக்காரு. இருட்டுல பட்டன் தேடித் தடுமாறக் கூடாது பாரு. அந்த டம்மியவாவது குடேன், ரெண்டு நாள் கை பழகிக்கறேன்."

சீல்காரருக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஈயக்கட்டிதானே! "ரெண்டு நாள் என்ன, நீயே வச்சுக்கோ. அண்ணன் குடுத்ததா இருக்கட்டும்" என்று தன் கையாலேயே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். தன் தாராள மனசை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வக்கீலிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. வக்கீல் அல்லவா, டப்பா திறப்பதை முதலிலிருந்து கடைசிவரை படம் பிடித்திருந்தார். இரண்டு கைகள் சீலைக் கிழித்தன, கேமராவை எடுத்தன, பட்டனை அமுக்கின, அமுக்கின, இன்னும் அமுக்கின. பிறகு டப்பாவைக் கவிழ்த்தன. அடியில் பொடி எழுத்தில், 'காட்சிக்கு மட்டும்.' கீழே ஒரு வரி: இது கடைகளுக்கு மட்டும் கம்பெனி அனுப்புகிற சாமான்; மூன்று நாளில் அசல் கேமரா வரவேண்டும், இல்லையென்றால் கம்பெனிக்கும் போலீசுக்கும் இந்த வீடியோ போகும்.

சீல்காரர் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். ஸ்டாண்டு மட்டும் நின்றது. தங்கைக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினார், பூட்டு. கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் தங்கையைப் பிடித்தார். மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில், தலையில் நீலத் தொப்பியும் கையில் அந்தக் கேமராவுமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வாண்ணே!" என்று எழுந்தாள். "இதப் பாரேன். பழைய கேமராவோட பேட்டரியச் சும்மா போட்டுப் பாத்தேன், உசிர் வந்துடுச்சு. டாக்டரம்மா நேத்தே வேலைய எனக்குக் குடுத்துட்டாங்க."

திரையில் ஒரு படம் காட்டினாள். ஒரு நர்ஸின் சுண்டு விரல். அதைப் பிடித்திருந்தன அரிசி அரிசியாய் ஐந்து விரல்கள். சீல்காரர் பார்த்தார், ஆனால் அவருடைய கண் போனதெல்லாம் கேமராவுக்கு அடியில் கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்றுதான்.

"அத... அதத் திருப்பிக் குடும்மா. கம்பெனிக்காரன் தப்பா அனுப்பிட்டானாம், கேக்கறான்."

"கேட்டா என்ன? பட்டியல்ல மொத பேரு என்னோடதுதான? லேபிள் விலை கையில தயாரா இருக்கு. அவங்க நம்பரக் குடு, நானே பேசறேன்."

"அதெல்லாம் சரிப்படாது. இது வேற ஒருத்தருக்கு..."

"ஏலத்துல எடுத்தவருக்கா?"

சீல்காரர் தாழ்வாரத்தில் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்.

"மூணாவது ஏலத்துல நானும் கேட்டேண்ணே. எட்டல. ஆனா படத்த நல்லாப் பாத்தேன். டப்பா இருந்தது உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல. மேல இருந்த விரிப்பு, நான் எடுத்துக் குடுத்தது." அவள் குரல் உடைந்தது. கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது. "அப்புறமும் சனிக்கிழம சனிக்கிழம ஏன் வந்தேன்னு நினைக்கிற? ஒரு தடவையாவது 'இருக்கு'ன்னு சொல்ல மாட்டியான்னுதான். வேணும்னா எடுத்துக்கோ. ஆனா, 'கேமரா இருந்துச்சு, உனக்குத் தரல'ன்னு வாயத் திறந்து சொல்லிட்டு எடுத்துக்கோ."

கேமராவை நீட்டியபடி நின்றாள்.

ஏஜென்சி போனால் கடை போச்சு; கடை போனால் சீல்காரர் யார்? வாங்கிக்கொள்ளக் கை எழுந்துவிட்டது. நாலே வார்த்தைதான், சொல்லித் தொலைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். "இருந்துச்சும்மா" என்று ஆரம்பித்தார். "எட்டு மாசமும் இருந்துச்சு. உனக்குத்தான்..." அவமானமாக இருந்தது. நீட்டிய கை வாங்க வந்த இடத்தில் வெட்கப்பட்டு, சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மேடம், ஆறாம் நம்பர் முழிச்சிருக்கு, வாங்க."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனை ஒரு முறை பார்த்துவிட்டு, கேமராவோடு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சீல்காரர் பெஞ்சில் உட்கார்ந்து வக்கீலுக்குப் போன் போட்டார்.

"தப்பு என்னோடதுதான் சார். உங்க பணம் இன்னிக்கே திரும்பி வந்துடும்."

"பணம் யாருக்கு வேணும்? எனக்குக் கேமராதான் வேணும். அது எங்க?"

"அது என் தங்கச்சியோடது சார்."

"மொதல்ல பரிசுன்னு சொன்னீங்க, இப்ப தங்கச்சின்னு சொல்றீங்க" என்றார் வக்கீல். "இன்னும் எத்தனை கதை வச்சிருக்கீங்க?"

தான் சொன்ன மூன்று நாள்கூடப் பொறுக்காமல், அன்று சாயங்காலமே வக்கீல் கம்பெனிக்கு எழுதிப்போட்டார்.