தையல் மெஷின் போன வழி

பாப்பம்மாவின் வீட்டுக் கதவில் நல்ல பூட்டு தொங்கியது. ஆனால் அந்தக் கதவைச் சுற்றி இருந்ததெல்லாம் மூங்கில் தட்டி. தங்கவயல் சுரங்கக்காரர்கள் குடியிருந்த மாரிகுப்பம் லைனில் அப்போது எல்லோருக்கும் அப்படித்தான். கையில் ஒரு கத்தி இருந்தால் போதும், பூட்டைத் தொடாமலே உள்ளே வந்துவிடலாம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டு கங்கம்மா, பூட்டு பூட்டியபடியே இருப்பதைப் பார்த்துச் சந்தோஷமாகத் திறந்தாள். உள்ளே போனால் பின்பக்கத் தட்டியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. பித்தளைக் குடம் இரண்டும் போயிருந்தன.

அதனால், பாப்பம்மாவின் புருஷன் கோவிந்தன் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்ததென்று சிரித்துக்கொண்டு வந்தபோது, அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, யோசனை. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊருக்குப் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. வைகாசி பிறந்தால் கங்கையம்மன் திருவிழா. போகத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் இருப்பதை என்ன செய்வது?

பாத்திரங்களை கங்கம்மாவிடம் கொடுத்துவிடலாம். தாலியும் வெள்ளிக் கொலுசும் உடம்போடு வரும். மிச்சம் இருந்தது தையல் மெஷின்.

கையால் சுற்றித் தைக்கும் மெஷின் அது. பாப்பம்மா முன்பு சுரங்கக் கேப்டன் ஒருவரின் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். அந்த வீட்டு அம்மாள் சீமைக்குத் திரும்பும்போது மெஷினை அவளுக்குக் கொடுத்து, தைக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வருஷமே சுரங்கத்துக்குள் வெடி முன்கூட்டி வெடித்து, கோவிந்தனின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின. கம்பெனி அவனை ஷாஃப்ட் குழிக்குள் அனுப்புவதை நிறுத்தி, மேலே பாறை பொடிக்கும் மில்லில் சின்ன வேலை கொடுத்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது பாதி மெஷினால்தான். ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் சட்டையெல்லாம் பாப்பம்மாவிடம் வந்தது.

மெஷினையும் கங்கம்மா வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றான் கோவிந்தன். அவள் வீடும் தட்டிதானே என்றாள் பாப்பம்மா. கடைசியில் கூடவே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அவள் மெஷினை அதன் மரப்பெட்டியில் வைத்து, கோணிப்பை சுற்றி, கயிறு போட்டு இறுக்கினாள். அதற்கு முன், ஊசிக்குக் கீழே அடிநூலைச் சுமந்து ஓடும் படகு போன்ற சிறு எஃகுத் துண்டை மட்டும் கழற்றி, துணியில் முடிந்து, இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். ரயில் ஆட்டத்தில் அது எங்கேயாவது விழுந்துவிட்டால் அதைப் போல இன்னொன்று இந்தப் பக்கத்தில் கிடைக்காது.

திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பு புறப்பட்டார்கள். மாரிகுப்பம் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. வடாற்காட்டுக்காரர்கள் பாதிப் பேர் அந்த ஒரு வண்டிக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. பாப்பம்மா துணிமூட்டையை வைத்துக்கொண்டாள். கோவிந்தன் மெஷினை இடது தோளில் சுமந்தான். வண்டி பிளாட்பாரத்துக்கு வந்து நின்றதும் ஜனம் முட்டி மோதியது. சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒருவன் பெட்டி வாசலில் நின்று, ஏறுகிறவர்களின் சாமான்களை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். கோவிந்தனையும் பார்த்துக் கையை நீட்டினான். ஊனக்கையால் கம்பியைப் பிடித்து ஏற முடியாமல் தவித்த கோவிந்தன் மெஷினை அவனிடம் கொடுத்தான்.

இருவரும் உள்ளே ஏறிப் பார்த்தபோது தலைப்பாகையும் இல்லை, மெஷினும் இல்லை. எதிர்ப்பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது.

கோவிந்தன் அந்தக் கதவுக்கு ஓடினான். தண்டவாளத்துக்கு அப்பால் குதிரை வண்டிகளும் ஆட்களுமாக இருந்தது. எவன் தலையிலும் சிவப்பு இல்லை. விசில் ஊதினார்கள். பாப்பம்மா மூட்டையை வெளியே எறிந்துவிட்டு இறங்கினாள்.

"நீ வண்டில போ. நான் தேடிப் பாத்துட்டு நாளைக்கு வரேன்," என்றான் கோவிந்தன்.

"மெஷின் இல்லாம நான் எங்கயும் போறதா இல்ல மாமா."

வண்டி போய்விட்டது. பிளாட்பாரம் காலியானது. கோவிந்தன் தன் வலக்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டினால் அவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். மூட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லி, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அங்கே ஏட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். திருவிழாக் கூட்டம் முடிகிறவரை தன்னிடம் நான்கு பேர்தான் என்றும், முடிந்ததைச் செய்வதாகவும் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் அவரை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

வெளியே வந்து ஒரு புங்கமரத்தடியில் நின்று யோசித்தாள். திருடியவன் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ரொம்ப தூரம் போக மாட்டான். ரயில் ஸ்டேஷன் பக்கம் மறுபடி தலைகாட்டவும் பயப்படுவான். விற்றால்தான் அவனுக்குக் காசு, வாங்கத் தெரிந்தவன் தையல்காரன் ஒருவன்தான். தங்கவயல் முழுக்கத் தேடினாலும் தையல்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை. திருடன் அவர்களிடம் கொண்டுபோகும் மெஷினில் அடிநூல் படகு இருக்காது.

அன்று மத்தியானமே மாரிகுப்பத்துத் தையல்காரர்கள் இருவரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக் கடைத்தெருவுக்கு நடந்தார்கள். அங்கே இருவரைப் பார்த்தாயிற்று. மூன்றாவது கடை ராஜப்பாவுடையது. கோவிந்தன் நின்றுவிட்டான்.

ராஜப்பா ஐம்பது வயது ஆள். மெஷின் இல்லாமல் கையாலேயே தைக்கிறவர். பாப்பம்மாவிடம் மெஷின் வந்ததிலிருந்து அவருடைய வாடிக்கையில் பாதி அவளிடம் போய்விட்டது. பொம்பளை தைத்த சட்டை ஒரு ஷிஃப்டுக்குத் தாங்காது என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. தெருவில் எதிரே வந்தால் இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இவரிடம் போக வேண்டாம் என்றான் கோவிந்தன். மெஷின் மேல் ஆசை இருப்பவர் இவர்தான், இவரிடம் போகாமல் வேறு யாரிடம் போவது என்று கேட்டுவிட்டு அவள் கடைக்குள் ஏறினாள்.

ராஜப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ண்ணா, என் மெஷின் டேசன்ல திருட்டுப் போச்சு," என்றாள். "யாராச்சும் விக்கக் கொண்டாருவான். அதுல அடிநூல் படகு இருக்காது. அது என் இடுப்புல கீது. அத வச்சு நீங்க கண்டுக்கலாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "நான் இன்னாத்துக்குச் சொல்லி அனுப்பணும்?"

"அனுப்பித்தான் ஆகணும்னு இல்லண்ணா. கேக்கணும்னு தோணிச்சு, கேட்டுட்டேன்."

அவ்வளவுதான். இறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் கோரமண்டல் சுரங்கத்துப் பக்கமும் அதற்கு அப்பாலும் போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மில்லிலிருந்து கொட்டிய வெள்ளை மண்மேட்டிலிருந்து தூசி பறந்து கண்ணை அடைத்தது. ஒரு கடையில் தண்ணீர் கொடுத்தார்கள். இன்னொரு கடையில், திருடு போனது போனதுதான், ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்று புத்தி சொன்னார்கள். பாப்பம்மா எல்லோரிடமும் அதே நாலு வார்த்தைகளைச் சொன்னாள். திரும்பி வரும்போது கால் கொப்பளித்திருந்தது. கொலுசைக் கழற்றிக் கோவிந்தனிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

"நான்தான் அவன் கையில தூக்கிக் குடுத்தேன்," என்றான் அவன், மூன்றாவது முறையாக.

"குடுத்தது போச்சு மாமா. இப்ப தேடறதப் பாரு."

மூன்றாம் நாள் காலை அவள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ இருமினார்கள். கோவிந்தன் எட்டிப் பார்த்தான். ராஜப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு மாட்டேன் என்றார். நின்றபடியே சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலம் ஒருவன் மெஷினோடு வந்தான். செத்துப்போன அக்காவுடையது என்றான். கேட்ட விலை பாதிகூட இல்லை. ராஜப்பா அடியில் திறந்து பார்த்தார், படகு இல்லை. பௌரிங்பேட்டையில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, கொஞ்சம் முன்பணம் கொடுத்து, மிச்சத்துக்கு மறுநாள் மத்தியானம் வரச் சொன்னார். அவனுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை போலிருக்கிறது. வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பாப்பம்மா கஞ்சிச் சட்டியை மூடிவிட்டு எழுந்தாள். போகிற வழியில் கோவிந்தன் ஏட்டிடம் சொல்லிவிட்டு வந்தான்.

கடையில், ராஜப்பாவின் வெட்டுப் பலகைக்குக் கீழே மெஷின் இருந்தது. அவள் சுற்றிய கோணியைக் காணோம். மரப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அவள் அதைத் தரையில் வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தாள். ஓடியது. சுருக்குப்பையிலிருந்து முடிச்சை அவிழ்த்து, படகை அதன் இடத்தில் பொருத்தினாள். மேல்நூல் கோத்து, பக்கத்தில் கிடந்த ஒரு சட்டைக் கையை எடுத்து வைத்துத் தைத்தாள். தையல் நேராக விழுந்தது. அப்போதுதான் மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, கையை எடுக்காமல் தைத்தாள். அது ராஜப்பாவின் வாடிக்கைக்காரர் ஒருவருடைய சட்டை. ராஜப்பா அவளைத் தைக்க விட்டார்.

ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் எதிரே மளிகைக்கடைக்குள் உட்கார்ந்தார்கள். கோவிந்தன் தெருமுனையில் நின்றான்.

சூரியன் உச்சிக்கு வந்தபோது திருடன் வந்தான். தலைப்பாகை இல்லை, தலைமயிரை எண்ணெய் போட்டு வாரியிருந்தான். கடைக்குப் பத்தடி இருக்கும்போது மெஷின் ஓடும் சத்தம் அவன் காதில் விழுந்தது. நின்றான். உள்ளே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தான். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி திரும்பி ஓடினான்.

ஏட்டு எழுந்து வருவதற்குள் அவன் முனைக்குப் போய்விட்டான். அங்கே கோவிந்தன் இருந்தான். பிடிக்க விரல் இல்லாத கையை அவன் நம்பவில்லை. இடது கையால் திருடனின் இடுப்பை வளைத்து, முழு உடம்போடு அவன் மேல் விழுந்தான். இருவரும் சாக்கடை ஓரம் உருண்டார்கள். திருடன் கடித்தான், குத்தினான். கான்ஸ்டபிள் வந்து விலக்குகிற வரை கோவிந்தன் விடவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. கேஸ் பௌரிங்பேட்டை கோர்ட்டுக்குப் போகும், அதுவரை மெஷின் சாட்சிப் பொருள், ஸ்டேஷனில்தான் இருக்க வேண்டும் என்றார் ஏட்டு. எத்தனை நாள் என்று கேட்டதற்கு இரண்டு மாதம் ஆகலாம் என்றார்.

"இரண்டு மாசம் நாங்க இன்னா சாப்பிடறது ஐயா?" என்று கேட்டாள் பாப்பம்மா. ஏட்டுக்கு அதற்கு விதி தெரியவில்லை. கான்ஸ்டபிள் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவளும் பின்னாலேயே நடந்து போய், ஸ்டேஷன் எதிரே இருந்த அதே புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். பெரிய அதிகாரி வந்தால் பேசிவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். உதட்டில் ரத்தம் காய்ந்துபோன கோவிந்தன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மூன்று மணி சுமாருக்கு இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தார். அவள் எழுந்து கும்பிட்டு, தைத்தால்தான் சாப்பாடு என்பதையும் கோர்ட்டு எப்போது கேட்டாலும் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்துவோம் என்பதையும் நிதானமாகச் சொன்னாள். அவர் கோவிந்தனின் கையைப் பார்த்தார், ஏட்டு எழுதியதைப் படித்தார். கடை வைத்திருப்பவர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கொடுக்கலாம், ஆனால் கேஸ் முடிகிற வரை மெஷின் தங்கவயலை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்.

கடை வைத்திருக்கிற யாரைக் கேட்பது என்று கோவிந்தன் விழித்தான். சாட்சி சொல்ல வந்து வாசலில் நின்றிருந்த ராஜப்பா, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கேட்ட இடத்தில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் கோவிந்தன் மெஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டான். கொஞ்ச தூரம் நடந்ததும் ராஜப்பாவாகவே பேசினார்.

"வாங்கிடலாம்னுதாம்மா இருந்தேன். படகு ஒண்ணு எங்கனா தேடிக்கலாம்னு நெனச்சேன். நீ வந்து கேக்காம இருந்தா வாங்கியிருப்பேன். மனசாட்சி ஒண்ணும் உறுத்தியிருக்காது. மூஞ்சிக்கு நேரா வந்து கேட்டுட்டுப் போயிட்ட."

பாப்பம்மா யோசித்துக்கொண்டே நடந்தாள். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மெஷின் அவளோடு வர முடியாது. தட்டி வீட்டில் வைக்கவும் முடியாது. ராஜப்பாவின் கடைக்குக் கல்சுவர், இரும்புப் பட்டை போட்ட கதவு. கடைத்தெரு முனையில் நின்று, கோவிந்தனின் தோளிலிருந்த மெஷினைத் தொட்டாள்.

"நாங்க ஊர்லேருந்து வர வரைக்கும் இது உங்க கடையில இருக்கட்டும்ண்ணா. சும்மா வைக்காதீங்க, தைங்க. ஓடிக்கினு இருந்தாத்தான் மெஷின் நல்லா இருக்கும்."

கோவிந்தன் அவளை ஒரு பார்வை பார்த்தான். ராஜப்பா துண்டைத் தலையில் போட்டு, எடுத்து, மறுபடி தோளில் போட்டார். ஊசி உடைந்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். உடைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

மறுநாள் மத்தியான வண்டியில் ஒரு துணிமூட்டையோடு போனார்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்தார்கள். அம்மன் ஊர்வலத்தைக் கோவிந்தன் தூக்கம் வரும்வரை கூடவே நடந்து பார்த்தான். பாப்பம்மா தங்கச்சி வீட்டில் அடுப்படியிலும் சாமி முன்னாலும் இருந்தாள். மெஷினைப் பற்றி அவளுக்கு நினைவு வராமல் இல்லை. வந்தபோதெல்லாம், முடிவு செய்தாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லீவு முடிந்து திரும்பிய அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் ஸ்டேஷனிலிருந்து நேரே சாம்பியன் ரீப்ஸுக்குப் போனாள். ராஜப்பா மெஷினில் குனிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார். இரண்டு ஊசி உடைத்ததாகச் சொல்லி, வாங்கி வைத்திருந்த மூன்று புது ஊசிகளை நீட்டினார். பாப்பம்மா உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"எண்ணெய் ரொம்ப ஜாஸ்திண்ணா. துணியில கறை படும்," என்றாள்.

அவர் மறுப்புச் சொல்லாமல் ஒரு பழைய துணியை எடுத்துக் கொடுத்தார். அவள் எண்ணெயை ஒற்றி எடுத்தாள். நசுங்கிய மூலைக்கு அவர் ஒரு தகரத் துண்டு அடித்து வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

ஆடி மாதத்தில் கேஸ் நடந்தது. திருடனுக்கு ஆறு மாதம். கோர்ட்டிலிருந்து மூவரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். மெஷின் பாப்பம்மாவின் மடியில் இருந்தது. சாம்பியன் ரீப்ஸ் வந்ததும் ராஜப்பா இறங்கி, வெள்ளிக்கிழமை பத்து சட்டை வெட்டித் தருகிறேன், தைத்துத் தருவாயா என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். தருகிறேன் என்று தலையாட்டினாள். வண்டி மாரிகுப்பத்துக்கு நகர்ந்தது.